ஊர்க் குழுவுக்குக் கம்பெனி உதவி: சிஎஸ்ஆர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் சுயஉதவிக் குழுக்கள், சின்ன அறக்கட்டளைகள், ஊர் அளவில் தொழில் நடத்துகிறவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. பாதி சட்டம், பாதி பேரம். நேரில் கேட்டாலும் இரண்டும் கலந்துதான் வரும் என்பதால் இங்கேயும் பிரிக்கவில்லை.

சிஎஸ்ஆர் என்பது கம்பெனி செய்கிற தர்மமா?

இல்லை, சட்டக் கடமை. சிஎஸ்ஆர் என்றால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். 2014-15-ல் நாடு முழுக்க இப்படிச் செலவானது சுமார் 10,000 கோடி. 2022-23-ல் அது 30,000 கோடியை நெருங்கிவிட்டது. பெரும்பங்கு கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. பள்ளிக்குக் கழிப்பறை கட்டி, கல்வெட்டு வைத்துப் படம் எடுப்பது சுலபம். ஒரு குழுவின் தொழிலைத் தூக்கி நிறுத்த இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதைப் படம் எடுக்கவும் முடியாது.

எப்படியோ, கேட்கப் போகும்போது கை கட்டி நிற்க வேண்டியதில்லை. உங்களுக்குப் பணம் தேவைப்படுகிற மாதிரி அவர்களுக்கும் உருப்படியான திட்டம் தேவைப்படுகிறது.

எங்கள் ஊர்ப் பக்கத்து மில்லுக்கு இந்தக் கடமை உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தேசிய சிஎஸ்ஆர் இணையதளத்தில் கம்பெனி வாரியாக விவரம் கிடைக்கும். அங்கே போய்த் தேடுங்கள். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் அதன் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் என்று தனி இணைப்பே இருக்கும். எந்த ஊரில், எந்தப் பணிக்கு, யார் மூலமாக, எவ்வளவு என்று அதில் போட்டிருப்பார்கள். இதைப் படிக்காமல் போய்ச் சந்திப்பது வீண். கண் மருத்துவத்துக்கு மட்டுமே பத்து வருஷமாகக் கொடுக்கிற கம்பெனியிடம் மசாலாப் பொடித் திட்டத்தை நீட்டினால், காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, கம்பெனி தான் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே 135-வது பிரிவு சொல்கிறது. சென்னையில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிட, உங்கள் ஊர் ஆலையின் மனிதவள அதிகாரியைப் பார்ப்பது பலமுறை வேலைக்கு ஆகும். வாசலில் தினமும் ஊர்க்காரர்கள் முகத்தில் விழிப்பவர் அவர்தான்.

நாங்கள் மகளிர் குழு. பணம் நேராக எங்கள் வங்கிக் கணக்குக்கு வருமா?

பொதுவாக வராது. கம்பெனி தானே நேரடியாகத் திட்டத்தை நடத்தலாம், அல்லது பதிவு பெற்ற ஓர் அமைப்பு மூலமாகச் செய்யலாம். அந்த அமைப்பு பொது அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, 8-வது பிரிவின்கீழ் வரும் லாபநோக்கற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். வருமான வரியில் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும். கம்பெனியோ அரசோ ஆரம்பித்த அமைப்பாக இல்லாவிட்டால், அதே மாதிரிப் பணியில் குறைந்தது மூன்று வருஷ அனுபவமும் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு செய்து எண் வாங்குவதும் கட்டாயம். சுயஉதவிக் குழு இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே குழுவுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளை இருக்கும்.

இங்கேதான் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு விதி இருக்கிறது. சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கும் இயந்திரம், கட்டும் கொட்டகை போன்ற மூலதனச் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்கக் கூடாது. தகுதியுள்ள அறக்கட்டளை போன்ற அமைப்பின் பெயரிலோ, பொது அதிகார அமைப்பின் பெயரிலோ, திட்டத்தின் பயனாளிகளான சுயஉதவிக் குழு அல்லது கூட்டமைப்பின் பெயரிலோ இருக்கலாம் என்று 2021-ல் திருத்திய விதி தெளிவாகச் சொல்கிறது. அதாவது, பணம் உங்கள் கணக்குக்கு வராமல் போகலாம். இயந்திரம் உங்கள் பெயருக்கு வர முடியும். ஒப்பந்தம் போடும்போதே “சொத்து குழுவின் பெயரில்” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பில்லும் குழுவின் பெயருக்கு வரட்டும். அறக்கட்டளைக்காரர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஐந்து வருஷம் கழித்து யார் நிர்வாகியாக இருப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சிஎஸ்ஆர்-1 எண் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு என்று ஒருவர் கேட்கிறார்.

அந்தப் படிவத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரி சான்று கையெழுத்துக்கு அவருக்குரிய கட்டணம் மட்டும்தான். “கம்பெனியில் ஆள் இருக்கிறது, வருகிற பணத்தில் இத்தனை சதவீதம்” என்று பேச ஆரம்பித்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கணக்குத் தணிக்கையில் மாட்டுவது உங்கள் பெயர்தான், அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

நான் தனியாள் நடத்தும் சிறுதொழில். அல்லது நாங்கள் விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி. எங்களுக்கு?

உங்கள் கம்பெனியில் பங்கு வாங்கிப் போட்டுவிட்டு அதைச் சிஎஸ்ஆர் கணக்கில் எழுத முடியாது. லாபம் பிரித்துக்கொள்ளும் அமைப்பு என்பதால் உற்பத்தியாளர் கம்பெனியும் திட்டத்தை நடத்தும் அமைப்பாக ஆக முடியாது. ஆனால் பயனாளியாக இருக்கலாம். எந்தெந்தப் பணி சிஎஸ்ஆரில் வரும் என்று சொல்லும், கம்பெனிகள் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் தொழில்திறன் பயிற்சி, வாழ்வாதார மேம்பாடு, பெண்கள் முன்னேற்றம், பாரம்பரியக் கைவினை, கிராமப்புற மேம்பாடு எல்லாம் வருகின்றன. ஓர் அறக்கட்டளை உங்கள் உறுப்பினர்களுக்குப் பயிற்சி, பொதுப் பயன்பாட்டு இயந்திரம், தரப் பரிசோதனை வசதி என்று திட்டம் போட்டால் அது செல்லும்.

புதுக் கண்டுபிடிப்பு கையில் இருந்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்பம், மருத்துவம் சார்ந்த, அரசு நிதி பெறும் தொழில் காப்பகங்களுக்கு (புதுத் தொழிலை வளர்த்துவிடும் இன்குபேட்டர்கள்) கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணம் தரலாம். அந்தக் காப்பகம் உங்களைச் சேர்த்துக்கொண்டால் மாதிரி செய்து பார்க்கிற செலவு அங்கே கிடைக்கும்.

ஏன் எல்லாக் கம்பெனியும் பிப்ரவரி, மார்ச்சில்தான் போன் செய்கிறது?

நிதியாண்டு முடிகிறது, பணம் மீதி இருக்கிறது, அதனால்தான். பல ஆண்டுத் திட்டம் என்று இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட பணிக்கான பணம் மீதமிருந்தால், ஏப்ரல் முடிவதற்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். அப்படி ஒரு திட்டம் இல்லாமல் சும்மா மீந்த பணம் என்றால் ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற அரசு நிதிக்குப் போய்விடும். போடாமல் விட்டால் அபராதம்: போட வேண்டிய தொகையின் இரு மடங்கு அல்லது 1 கோடி, இதில் எது குறைவோ அது.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. கம்பெனி அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பினால் மட்டும் செலவானதாக ஆகாது. அறக்கட்டளை அதை உண்மையிலேயே செலவழித்தால்தான் கணக்கு என்று 2021 ஆகஸ்டில் அமைச்சகம் விளக்கம் கொடுத்துவிட்டது. ஆகையால் மார்ச் 10-ம் தேதி பணத்தை அனுப்பிவிட்டு, 31-க்குள் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள். இருபது நாளில் எதை வாங்க முடியும்? இயந்திரத்தைத்தான். அந்த இருபது நாளில் பயிற்சியும் நடக்காது, சந்தையும் பிடிக்க முடியாது. ஊர் ஊராகத் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் இயந்திரங்களில் பாதி இப்படி மார்ச்சில் வந்தவைதான் என்பது என் கணிப்பு.

என்ன செய்யலாம்? மார்ச்சில் போன் வந்தால் “முதல் வருஷம் இவ்வளவு, அடுத்த இரண்டு வருஷம் இவ்வளவு, பல ஆண்டுத் திட்டமாகப் போடுங்கள்” என்று சொல்லுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டு வரை ஓடலாம். இதைத் தெரிந்தவர் பேசினால் எதிரே இருப்பவருக்கும் நிம்மதி. அவருடைய மார்ச் தலைவலியும் தீர்கிறது.

இயந்திரம் இலவசமாகத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பாக்குமட்டைத் தட்டை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம், ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகள் இருப்பதால் பல குழுக்களுக்கு முதலில் காட்டப்படும் தொழில் இது. உதிர்ந்த மட்டையைக் கழுவி, ஊறவைத்து, ஈரம் வடியவிட்டு, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. பார்ப்பதற்கு ரொம்பச் சுலபம். தட்டின் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும் என்பது ஆர்டர் வந்த பிறகுதான் தெரியும். கையில் இருப்பது பத்து அங்குல அச்சு, கேட்பது தொன்னை என்றால் அந்த ஆர்டர் போச்சு. மட்டை வருஷம் முழுக்கக் கிடைக்காது, கிடைக்கும்போது வாங்கி அடுக்க வேண்டும். அடுக்குகிற இடம் ஒழுகினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஹீட்டரும் மோட்டாரும் ஓட எந்த இணைப்பு, மின்வாரியத்தில் எந்தக் கட்டண வகை என்று கேட்காமல் இயந்திரத்தை இறக்கினால் அது அப்படியே நிற்கும்.

இதைவிட முக்கியமானது கைமுதல். ஒரு பேச்சுக்கு, தட்டு 4 ரூபாய் வீதம் 20,000 தட்டுக்கு ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். வரவு 80,000. மட்டைக்கு 30,000, கூலிக்கு 20,000, மின்சாரம், பேக்கிங், லாரி வாடகை எல்லாம் 12,000. ஆக 62,000 ரூபாய் முன்கூட்டியே கையைவிட்டுப் போக வேண்டும். சரக்கு போய் நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் பணம் வரும். இலவச இயந்திரம் வைத்திருக்கிற குழுவிடம் இந்த 62,000 இருக்கிறதா? இருக்காது. அப்புறம் வட்டிக்கு வாங்கி, கிடைக்கிற லாபத்தை அங்கே கட்டுவார்கள்.

ஆகவே இயந்திரம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு ஒரு பங்கு என்றால், அச்சு, இணைப்பு, பழுதுபார்ப்பு, மட்டை வாங்கும் முதல் ஆகியவற்றுக்கு இன்னொரு பங்கு திட்டத்திலேயே இருக்க வேண்டும். குழு தன் சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோ கொஞ்சமாவது போடுவதும் நல்லது. கோவைக்காரரான முருகானந்தம், தான் வடிவமைத்த குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் மகளிர் குழுக்களுக்கே கொடுத்தார். அவருக்கு 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த இயந்திரத்தின் பலமே குழு தானே நடத்தி, தானே பழுது பார்த்து, பக்கத்து ஊரிலேயே விற்கலாம் என்கிற எளிமைதான். அதே சாயலில் இயந்திரம் வாங்கிவிட்டு, விற்பனைக்குப் பஞ்சாயத்து எல்லையைக்கூடத் தாண்டாத குழுக்களும் உண்டு.

பணம் கேட்பது நல்லதா, ஆர்டர் கேட்பது நல்லதா?

ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் ஆர்டர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒசூர்ப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் அரசுத் திட்டமாகத் தொடங்கியதே 1989-ல் பழைய தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அங்கே மைராடா என்ற தொண்டு நிறுவனம் வேலை செய்தது. 1990-களில் ஒசூரில் உள்ள டைட்டன் கடிகாரக் கம்பெனி, தன் வேலையில் ஒரு பகுதியை இந்தக் குழுப் பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. கடிகாரச் செயின் கோர்ப்பது போன்ற, கையும் கண்ணும் ஒத்துப்போக வேண்டிய வேலை. கூலியாட்களாக இல்லாமல், ‘மீடோ’ என்ற பெயரில் பெண்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனி ஒன்று உருவானது. மைராடா மேலாண்மை கற்றுக்கொடுத்தது, டைட்டன் வேலையும் தரப் பயிற்சியும் தந்தது. இதில் நன்கொடையாகப் போனதைவிட ஆர்டராகப் போனதுதான் அதிகம். இத்தனைக்கும் அப்போது சிஎஸ்ஆர் சட்டமே கிடையாது.

கம்பெனியின் கேன்டீனுக்கு எத்தனை கிலோ இட்லி மாவு போகிறது, தீபாவளிக்கு ஊழியர்களுக்கு என்ன பரிசுப் பெட்டி, கூட்டத்துக்கு என்ன பை, சீருடை யார் தைக்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு கொள்முதல் பிரிவைப் பாருங்கள். சிஎஸ்ஆர் அதிகாரியிடம் அறிமுகம் மட்டும் கேட்டால் போதும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கம்பெனி தனக்காக வாங்குகிற சரக்கு வழக்கமான வியாபாரம், அதை 2 சதவீதக் கணக்கில் காட்ட முடியாது. பயிற்சி சிஎஸ்ஆரில், வாங்குவது கொள்முதலில் என்று இரண்டு கணக்காகத்தான் போகும்.

மத்தியப் பொதுத்துறை நிறுவனம் என்றால் கூடுதல் பிடிமானம் உண்டு. ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமும், அதற்குள் 3 சதவீதம் பெண்கள் நடத்தும் நிறுவனங்களிடமும் வாங்க வேண்டும் என்று கொள்கை இருக்கிறது. திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி பக்கத்தில் இருக்கிறவர்கள் இந்த வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆர்டர் கொடுத்தார்கள், சரக்கும் போய்விட்டது. பணம்தான் வரவில்லை.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறதா? அது இலவசம், சுயஉதவிக் குழுவும் பதிவு செய்யலாம். உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. வாங்கிய கம்பெனி இந்தக் கெடுவைத் தாண்டி இழுத்தால், அந்த வருஷத்தில் அதைச் செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கணக்குப் பிரிவுகள் கொஞ்சம் விழித்துக்கொண்டன. வாங்கி விற்கும் கடைக்காரருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

நடைமுறையில் குழு வழக்குப் போடாது, அடுத்த ஆர்டர் வேண்டுமே. அதனால் பில்லின் மேலேயே உத்யம் எண்ணைப் பெரிதாக அச்சடியுங்கள். பார்க்கிறவருக்குப் புரியும். கடைசி வழியாகத்தான் ‘சமாதான்’ இணையதளத்தில் புகார்.

ஒரு பெரிய கம்பெனி எங்களைத் தன் சோப்பு, ஷாம்பு விற்கச் சொல்கிறது. இதுவும் உதவிதானா?

இந்துஸ்தான் யூனிலீவரின் ‘சக்தி’ திட்டம் 2000-களின் தொடக்கத்தில் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா மாவட்டத்தில் இப்படித்தான் தொடங்கியது. கடை எட்டாத கிராமத்துக்குச் சரக்கு போனது, குழுப் பெண்களுக்குக் கமிஷன் கிடைத்தது. வருமானம் வந்தால் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அது அவர்களுடைய விநியோக வலை. உங்கள் ஊரின் சொந்தச் சரக்கு அதில் ஏறாது. முன்பணம் கட்டிச் சரக்கு எடுக்கச் சொன்னால், விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய கம்ப்யூட்டர், ஊழியர்களின் நேரம் தருகிறோம் என்கிறார்கள்.

வாங்கிக்கொள்ளுங்கள். பொருளுக்கோ நேரத்துக்கோ விலை போட்டு அதை 2 சதவீதத்தில் சேர்க்க முடியாது, அவ்வளவுதான். கம்பெனியில் செலவுக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்து குழுவோடு உட்கார்ந்தால், பல லட்ச ரூபாய் இயந்திரத்தைவிட அது பெரிய உதவி.

எங்கள் பின்னல் வடிவத்தையும் பக்குவத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டால்?

பத்தமடைப் பாய்க்கும் நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரில் போலி விற்றால் கேட்க வழி உண்டு. குறியீடு இல்லாத சரக்குக்கு ஒப்பந்தம்தான் காவல். “இந்த வடிவத்தை வேறு ஆளிடம் கொடுத்துச் செய்ய மாட்டோம்” என்ற வரியும், படம் எடுத்தால் எங்கே பயன்படுத்தலாம் என்ற வரியும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் உள்ள ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் எங்களுக்குப் பயன்படுமா?

லாபநோக்கற்ற அமைப்புகள் பங்குச் சந்தை வழியாக நிதி திரட்டும் ஏற்பாடு அது. 2023 டிசம்பரில் முதல் அமைப்பு பட்டியலிடப்பட்டது. தணிக்கை, பணியால் என்ன பலன் என்று காட்டும் தாக்க அறிக்கை என்று செலவு பிடிக்கும். வருஷத்துக்குச் சில லட்சம் புரட்டும் ஊர் அறக்கட்டளைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

முதல் சந்திப்புக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

குழுவின் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் நகல், கடன் திருப்பிய விவரம். குழுவுக்குள் கொடுத்த உள்கடன் தவறாமல் திரும்பி வந்திருக்கிறது என்று காட்டும் ஒரு பக்கம், வண்ண அட்டை போட்ட முப்பது பக்க அறிக்கையைவிட நன்றாகப் பேசும். அப்புறம் ஒரு பொருளின் அடக்க விலைக் கணக்கு, கையால் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. சரக்கின் மாதிரி இரண்டு: ஒன்று அவர் மேசையில் வைக்க, இன்னொன்று கொள்முதல் பிரிவுக்குக் கொடுத்தனுப்ப. கணக்கு எழுதுகிற அக்காவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அறக்கட்டளைக்காரர் பேசட்டும், விலை கேட்டால் மட்டும் அவர் வாயைத் திறக்காமல் அந்த அக்கா பதில் சொல்லட்டும்.